சூடு அண்டாத கை

கேளம்பாக்கம் டீக்கடை வாசலில், செருப்பு எங்கே என்று மனைவி ரேணுகா கேட்ட பிறகுதான் தீனதயாளன் குனிந்து பார்த்தான். வலது கால் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது என்று அந்தக் காலுக்கே தெரியாது. பத்து வருட சர்க்கரை வியாதி, இரண்டு பாதங்களையும் மரக்கட்டையாக்கிவிட்டிருந்தது.

சிறுசேரி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமா? பிரேக் மேல்தான் கால் இருக்கிறதா என்று எத்தனை நாள் குனிந்து பார்த்து ஓட்டுவது? திங்கட்கிழமை டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேறு. பாதத்தில் உணர்ச்சி இல்லையென்று எழுதிவிட்டால் வேலை போச்சு.

மாத்திரையை விடாதே, வெறுங்காலில் நடக்காதே, சூடு மட்டும் வைக்கவே வைக்காதே என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மனுஷன் கேட்டால்தானே? ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, கிளட்ச் கால்தானே, போனால் போகட்டும் என்று இடது காலை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்தான். கொப்புளம் வந்தது. அது ஆற கடல் மணலில் நடக்கச் சொன்னது அடுத்த வீடியோ. மாமல்லபுரம் கரையில் ஒரு மணி நேரம் ஜோராக நடந்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் அவன் இடது குதிகாலிலிருந்து ரேணுகா ஒரு கிளிஞ்சலைப் பிடுங்கினாள்.

"இம்மாம் ரத்தம் வந்துகினு கீது, உனுக்கு ஒண்ணுமே தெரியலயாய்யா?"

"தெரிஞ்சா நான் ஏன்டி மணல்ல நடக்கறேன்?"

பிரேக் கால் ஒன்றுதான் முழுசாக மிச்சம். ஞாயிறு காலை அதைத் தூக்கிக்கொண்டு, கடலோரக் குப்பத்தில் மூலிகை எண்ணெய் வைத்தியம் பார்க்கும் ஜம்புலிங்கத்திடம் போனான். ரேணுகாவும் முணுமுணுத்தபடி கூடவே போனாள்.

தன் சம்சாரம், வேண்டா என்பவள், மீன் வாங்கப் போயிருக்கிறாள், வந்ததும் ஆரம்பிக்கலாம் என்றார் வைத்தியர். தீனதயாளனுக்குப் பத்து மணிக்கு டிரிப். இப்போதே பாருங்கள் என்று கெஞ்சினான்.

ஜம்புலிங்கம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். எண்ணெய் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு விரலை விட்டு, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. விரல்களில் வரிவரியாகப் பழைய தீத்தழும்புகள்.

"சூடு நம்ப கையண்ட வராது, அண்ணாத்த."

காத்திருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். தீனதயாளனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐம்பது வயதில் இப்படியோர் அதிசயத்தை அவன் பார்த்ததில்லை. இந்தக் கை பட்டால் செத்த காலும் எழுந்துவிடும் என்று தோன்றியது, கண் கலங்கிவிட்டது. அதுவரை முணுமுணுத்த ரேணுகாகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

இதமாகத்தான் இருக்கிறது, காலை வை என்றார் வைத்தியர். தீனதயாளன் பக்தியோடு பாதத்தைத் தூக்கிச் சட்டிக்கு மேலே கொண்டுபோனான்.

அப்போதுதான் வேண்டா உள்ளே வந்தாள். மீன் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் காலைத் தட்டிவிட்டாள். சுண்டு விரல் நுனியால் எண்ணெயைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான் வர்றதுக்குள்ள நீ இன்னாத்துக்குய்யா சூடு பாத்த? சுகர்ல உன் கை மரத்துப்போயி ஆறு வருசமாவுது."