நடுவில் போர்த்திய பொன்னாடை

மரியாதை செய்வதில் என்னைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். (இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.)

ஒஸ்லோவில் என் மகள் தாரணி ஒப்பேரா என்கிற பாட்டு நாடகத்தின் இசைக்குழுவில் வயலின் வாசித்த முதல் வருடம் அது. சோதனைக்காலம் முடிகிற வாரம். அவளை வைத்திருப்பதா, அனுப்புவதா என்பதில் குழுவை நடத்திய செக் நாட்டுப் பெரியவரின் சொல்தான் பெரிது. சின்ன நகரத்து அரங்கொன்றில் பியானோ வாசிக்கத் தொடங்கியவராம். நாட்டுக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது ஒரு பெட்டியோடு வெளியேறி, தேசம் தேசமாகப் போய் இசைக்குழுக்களுக்குக் கோல் அசைத்தவராம். இதைக் கேட்டதும் அவர் எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். நானும் சண்டைக்குத் தப்பி ஒரு பெட்டியோடு வந்தவள்தானே!

அவர் ஓய்வு பெறுமுன் நடத்திய கடைசி ஒப்பேராவுக்கு, நகரத்துக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். பைக்குள் சரிகைக் கரை வைத்த பொன்னாடை. எங்கள் கச்சேரிகளில் நடுவில் நிறுத்தித்தானே வித்துவானுக்குப் போர்த்துவோம்?

"என்னம்மா, பை வீங்கிக் கிடக்கு?" என்றாள் தாரணி வாசலில்.

"குளிருக்குச் சால்வை, பிள்ளை."

"ஆடாமல் அசையாமல் இருங்கோ, என்ன?"

"ஓம், ஓம். எனக்குச் சபை தெரியாதே?"

எனக்கு முன்வரிசை. இசைக்குழு மேடைக்கு முன்னால் பள்ளத்துக்குள். பெரியவரின் முதுகு எனக்கு நேர் முன்னால். இடையில் ஒரு கட்டை மதில் மட்டும். மேடையில் ஒருத்தி மூன்று மணி நேரமாகச் செத்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக விழுந்தாள். பெரியவர் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். சபையில் ஒரு சத்தம் இல்லை. நிறுத்திவிட்டார், இதுதான் நேரம் என்று எழும்பி, மதிலுக்கு மேலால் குனிந்து போர்த்தினேன்.

இசை முடியவில்லையாம், அது மூச்சு விடுகிற இடமாம்!

இடது கை சால்வைக்குள் அகப்பட, வலது கையால் கோலை வீசினார். முழுக் குழுவும் இடியாய் இறங்கியது. செத்தவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தாரணி மட்டும் பார்க்கவில்லை. முகம் வெளிறிப்போய் வாசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வேலையை நானே கெடுத்துவிட்டேனே என்று கதிரைக்குள் ஒடுங்கிக்கொண்டேன்.

முடிந்தபின் பின்கதவால் இருவரும் வந்தார்கள். பெரியவரின் தோளில் சால்வை அப்படியே இருந்தது. அவர் சொன்னதைத் தாரணி தமிழில் சொன்னாள்.

"அதில நிண்டால் எப்பவும் முதுகு குளிருமாம். இவ்வளவு வருசமும் ஒருதரும் கவனிக்கேல்லையாம்."

"அது கிடக்கட்டும். உன்ர வேலை?"

"அந்தக் கூத்துக்குள்ளயும் நான் தாளம் பிசகேல்லையாம். நிரந்தரமாக்கச் சொல்லப்போறாராம். ஆனா நீங்கள் இனி மேல்மாடியிலதான்."

"அதையும் அவரே சொன்னவர்?"

"இல்லை. அது நான்."

பெரியவர் பொன்னாடையோடு தன் நாட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றும் யாராவது கதைக்கும்போது மூச்சு விடக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், மருமகன் குளித்துத் துடைக்கிற துவாயோடு எழும்புவார்.

"மாமி, இதுதானே நேரம்?"

நான் சிரிப்பதில்லை. "போர்த்துறதெண்டால் கரை வெளியில தெரியப் போர்த்துங்கோ" என்பேன்.