சம்பந்தி வீட்டு அடுப்பங்கரைச் சுவர்

தென்காசி
8-6-66

சிரஞ்சீவி மைத்துனர் பால்வண்ணநாதனுக்கு அத்தான் வேல்சாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் முப்பிடாதியும் மகள் குழல்வாய்மொழியும் பசுமாடும் சுகம். ஆய்க்குடி சம்பந்தி வீட்டு அடுப்பங்கரைச் சுவர் மட்டும் சுகமில்லை. அதற்கு முழுக் காரணம் நீ.

அணைக்கட்டு வேலையில் கழித்துப் போட்டது என்று, பின்பக்கம் ஒற்றைக் கை வைத்த மண் தோண்டும் டிராக்டரை என் தலையில் கட்டினாயே, "அத்தான், நூறாள் வேலைய ஒத்தைக்கு முடிச்சிரும்" என்றாயே, அதை நம்பிச் சம்பந்தி சுந்தரபாண்டி அண்ணாச்சியிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் என்று வீட்டுப் பின்புறம் ஓர் அறை எடுக்கிறார். ஆனி ஆடியில் வீட்டு வேலை துவக்கக் கூடாது. வைகாசியில் மிஞ்சிய நல்ல நாள் போன திங்கட்கிழமைதான். ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் அஸ்திவாரம் முழுவதையும் தோண்டித் தருகிறேன் என்று மீசையை முறுக்கிவிட்டு வந்தேன்.

லாரி ஓட்டுகிற மைதீன் முன்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டான். பின்னால் லிவரைப் பிடித்தது நான். விடியற்காலை, சாரல் வேறு. குளிரில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்து கிடக்குமே, அந்தக் கதிதான் யந்திரத்துக்குள் இருக்கிற எண்ணெய்க்கும். லிவரைக் கடைசி வரை தள்ளியும் கை ஆடி அசைந்துதான் இறங்கியது. ஊரே கூடி நிற்கிறது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "என்ன வே, இது மண்ணைத் தோண்டுதா, தடவுதா?" என்கிறார். எனக்கு மானம் போகிறது. "ஏலே மைதீனு, எஞ்சினை முடுக்குலே" என்றேன். "முடுக்கித்தான் இருக்கு மொதலாளி. இன்னும் முடுக்கவா?" என்றான். முடுக்கு என்றேன். ராகுகாலம் வாசலுக்கே வந்துவிட்டது, பழையபடி லிவரை ஒரே தள்ளாகத் தள்ளினேன். அதற்குள் எண்ணெய் சூடேறி இளகிவிட்டது என்று எனக்கு எவன் சொன்னான்? கை விசுக்கென்று சுழன்று போய் அடுப்பங்கரை மண்சுவரைக் கவ்வி, வெளிப்பக்கமாகச் சாய்த்துவிட்டது. புழுதி அடங்கிப் பார்த்தால் உள்ளே சம்பந்தியம்மாள் பேராச்சி தோசைத்திருப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். தெய்வம் காத்தது, ஒரு கீறல் இல்லை. "மைனி, மன்னிக்கணும்" என்றேன். என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தோசையைத் திருப்பிப் போட்டாள். அண்ணாச்சிதான், "போயிட்டு வாரும். யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்" என்றார்.

அன்றிலிருந்து உன் அக்காள் என்னோடு பேசுவதில்லை. வாய் திறந்தாலும், "எந் தம்பியக் கொறை சொல்லாதீய, ஒங்க கையச் சொல்லுங்க" என்கிறாள். குழல்வாய்மொழி சோற்றில் வைத்த கையோடு எழுந்து போகிறாள். அந்தப் பையனை அவளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பிள்ளை முகத்தைப் பார்க்கவே நெஞ்சு கலங்குகிறது. இந்தச் சம்பந்தம் முறிந்தால் நான் தென்காசியில் தலை காட்ட முடியாது. ஆகையால் கடிதம் கண்டதும் ஆள் அனுப்பி உன் யந்திரத்தை எடுத்துப் போ. தவறினால் சிற்றாற்றில் தள்ளிவிடுவேன்.

குற்றாலநாதர் அருளால் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். என் கண்ணில் மட்டும் படாதீர்கள்.

இப்படிக்கு,
வேல்சாமி

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகையில் ஆய்க்குடியிலிருந்து ஆள் வந்தது. சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு சன்னல் வச்சுத் தாங்கன்னு எங்க வீட்டு மனுசங்கிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. இப்பத்தான் பொகை போகுது, அடுப்பு கண்ணுக்குத் தெரியுது. தெக்குச் செவத்தையும் தென்காசி அண்ணாச்சி வந்து இடிச்சுக் குடுத்தா, கல்யாணத்துக்கு நான் பொறுப்பு." ஆகையால் ஆள் அனுப்ப வேண்டாம். ஆனால் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சம்பந்தி கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். சுவரை இடிக்க விடமாட்டேன், கட்டிலை விட்டு எழுந்திரிக்கவும் மாட்டேன் என்கிறாராம். அந்தக் கையை மெதுவாக அசைப்பது எப்படி என்று உடனே தந்தி அடி.