பத்தாவது பெயர்

எங்கள் வீட்டுக்காரர் யாருக்காவது நன்றி சொல்லப் போகிறேன் என்று கிளம்பினால் எனக்குப் பயம். திட்டப் போகிறேன் என்றால்கூடப் பயமில்லை. திட்டு இரண்டு நாளில் ஆறிவிடும். அவர் சொன்ன நன்றி ஆறி நான் பார்த்ததில்லை.

சீனாச் சண்டைக்கு மறு வருசம், கார்த்திகை மாசம். ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார்.

"இந்தா, இந்த வருசம் நம்ம தொண்டருங்களுக்கு ஊரே திரும்பிப் பாக்கிற மாதிரி நன்றி சொல்லப்போறேன். விழுப்புரத்திலேர்ந்து மைக்கு வருது."

தொண்டர்கள் என்றால் நாங்கள்தான். என்னையும் சேர்த்துப் பத்துப் பொம்பளைகள்.

திண்டிவனத்தில் புற்றுநோய் என்று யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். "அவருக்கு அதுவாம்" என்று கிசுகிசுப்பார்கள். அது வந்தால் மெட்ராசுக்குப் போய்க் கரண்டு, அதாவது கதிர் வைத்தியம், வைத்துக்கொள்ள வேண்டும். மாசக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். ரயிலுக்கும் சோற்றுக்கும் வழியில்லாமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு லூர்துமேரியின் மாமியார் அப்படித்தான் போனாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் நாங்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். காசு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற குடியானவர்கூட, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயத்தில் களத்துக்குப் போய் நின்றால் முறம் நிறையப் போடுவார். அதை மூட்டை கட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் போட்டு, உட்கார்ந்து கையால் உரிப்போம். மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும், எண்ணெய் ஆட்டத்தான் ஆகும். விதைக்கு வாங்குகிறவர்கள் கையால் உரித்த பருப்புதான் கேட்பார்கள், நல்ல விலையும் கொடுப்பார்கள். அதில் நோயாளிகளை மெட்ராசுக்கு அனுப்பினோம்.

நன்றாக நடக்கிறது என்று தெரிந்ததும் ஆம்பளைகள் கமிட்டி போட்டார்கள். விழுப்புரத்து ரைஸ்மில் முதலாளி பாண்டுரங்கன் தலைவர். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிற எங்கள் வீட்டுக்காரர் செகரெட்டரி. செகரெட்டரிக்கு வேலை எங்களை உற்சாகப்படுத்துவது. நாங்கள் உரிக்கும்போது நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தியாகத்தைப் பற்றிப் பேசுவார். பேசப் பேச, உரித்து வைத்த பருப்பைக் கை கையாக அள்ளி வாயில் போடுவார். அவர் ஒரு மணி நேரம் உற்சாகப்படுத்தினால் ஒரு படி குறையும்.

போன வருசம் நன்றி சொல்ல ஒரு கூட்டம் போட்டார். "திருமதி பாக்கியசாமி" என்று மேடையில் கூப்பிட்டார். லூர்துமேரி எழுந்திருப்பதற்குள் அவள் புருசன் பாக்கியசாமி மேடை ஏறிவிட்டார். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார், கும்பிட்டார், இறங்கினார். அந்த மனுசன் தும்மல் வரும் என்று மல்லாட்டைத் தோல் தூசிப் பக்கமே வராதவர். மறு நாள் அதே பொன்னாடையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்க் கருவாடு வாங்கினார். ஒன்பது பேர் வீட்டிலும் இதே கதைதான். என் பங்குப் பொன்னாடையை எங்கள் வீட்டுக்காரர் தனக்குத்தானே போர்த்திக்கொண்டார்.

இப்போது மறுபடியும் நன்றி. நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. அன்று மத்தியானம் உரிக்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் மடியைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"நீயே சொல்லு யக்கா," என்றாள் லூர்துமேரி. "தோலு உரியறது எங்க கட்டைவிரலு. பொன்னாடை எங்க ஆம்பளைங்க தோள்ல. எங்களுக்குப் பேரு கெடையாதா? மைக்குல எங்க பேரச் சொல்லி நன்றி சொல்லட்டும். அப்புறம் உரிக்கிறோம்."

போய்விட்டார்கள். மூட்டைகள் கூடத்தில் கிடந்தன. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலைப்படக் காரணமே வேண்டாம், இப்போதோ காரணம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மார்கழி பிறந்தால் விதைப்பு. அதற்குள் உரிக்காவிட்டால் விதைப் பருப்பை யார் வாங்குவார்கள்? இட்டிலி விற்கிற சின்னக்கண்ணுவுக்குத் தொண்டையில் அது. ஒரு சுற்றுக் கரண்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மார்கழியில் இரண்டாம் சுற்றுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தார். போதாததற்கு மூட்டைக்குப் பின்னால் எலி வேறு குடித்தனம் வைத்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவுதானா என்றார். பெயர்தானே, சொல்லிவிட்டால் போகிறது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர்களுக்கெல்லாம் என்ன பெயர் என்று என்னைக் கேட்டார். மூன்று வருசமாக எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள். அவருக்கு அவர்கள் மாவுமில்காரர் சம்சாரம், கோயில் தெருவு அம்மா, நெட்டையா ஒரு அம்மா. நான் சொல்லிக் கொடுத்தேன். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டே மனப்பாடம் பண்ணினார். லூர்துமேரி, அம்சவள்ளி, பாஞ்சாலி, அருள்ராணி என்று ஒன்பது பெயரும் தண்ணியாக வந்தது.

ஒன்பதோடு நிறுத்திவிட்டார்.

நானும் உரித்தேன் என்று நினைவுபடுத்தினேன்.

"உன் பேரு எதுக்கு? நீ நம்ம வீட்டு ஆளாச்சே."

அவர்கள் வம்சத்தில் எந்த ஆம்பளையும் பொண்டாட்டி பெயரைச் சொன்னதில்லை. கல்யாணமாகி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு அந்த வீட்டில் பெயர் 'இந்தா'. அவருக்கு என்னிடம் பெயர் 'இந்தாங்க'. இதில் ஒரு குறையும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. ஆனால் லூர்துமேரி விடவில்லை. பத்துப் பெயரும் வரணும், ஒன்று குறைந்தாலும் ஒருத்தியும் உட்கார மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். சாயங்காலம் முகம் மலர்ந்து வந்தார். அந்த முகம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"சரி, சொல்றேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குது. தொண்டருங்க சார்பில நீ மொதல்ல மைக்குல வந்து செகரெட்டரிக்கு நன்றி சொல்லு. பேரு சொல்லிச் சொல்லணும். நீ சொன்னா நான் சொல்றேன். நீ சொல்லலைன்னா என் மேல தப்பில்ல பாரு."

அவருக்குத் தெரியும். வீட்டுக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோது, நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பெருமாள் கையிலிருந்த சக்கரத்தைக் காட்டினேன். புரியுமென்று நினைத்தேன். வாத்தியார் 'பெருமாள்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. எனக்குச் சாதாரணமாகவே அவர் தும்மினால் தூக்கம் வராது.

லூர்துமேரியிடம் போய் என்னால் முடியாது என்று அழுதேன். அவளுக்கும் முழி பிதுங்கியது. மாதா கோயிலில் சாமியார் கேட்டால்கூட அவள் 'அவரு' என்றுதான் சொல்வாளாம். இரண்டு பேரும் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது சின்னக்கண்ணு வந்தாள். இட்டிலிக் கூடையை இறக்கி வைத்தாள். அவள் குரல் முன்பெல்லாம் நாலு தெருவுக்குக் கேட்கும். இப்போது காற்று மட்டும்தான் வந்தது. பக்கத்தில் குனிந்தால்தான் புரியும்.

"எனுக்குக் கொரல் இல்லக்கா. இருந்தா நானே அவரு பேரச் சொல்லிக் கூவியிருப்பேன். உனுக்கு இருக்குது. அத வெச்சிக்கினு என்னா பண்ணப்போற?"

அதற்குமேல் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, யாருமில்லாத நேரத்தில் மூட்டைகளைப் பார்த்து நின்றுகொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எலி குடும்பத்தோடு வெளியேறியது. மறு நாள் பிள்ளையாருக்கு முன்கூட்டியே ஒரு தேங்காய் உடைத்தேன். ஆயுசு ஏதாவது குறைந்தால் இதில் கழித்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன்.

கூட்டம் நடந்த இடம் பள்ளிக்கூட மைதானம். நல்ல ஜனம். விழுப்புரத்திலிருந்து தலைவர் பாண்டுரங்கன் வந்து மாலையோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் மைக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மைக்கு கத்தினால்தான் கேட்கும். அது மூச்சு விட்டாலே கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். 'தொண்டர்கள் சார்பில் ஒருவர்' என்று கூப்பிட்டார். மேடைப் படி ஏறினேன். மைக்குக்கு முன்னால் நின்றேன். எதிரே லூர்துமேரி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக்கண்ணு.

"எங்களுக்கு இவ்வளவு உற்சாகம் கொடுத்த செகரெட்டரி," என்றேன். நிறுத்தினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். சந்தோஷமாகக் காத்திருந்தார். "சக்கரபாணி அவர்களுக்கு நன்றி."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தார். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. எனக்கு என்னமோ ஆகிவிட்டது. பழக்கமில்லாத பலகாரம் தின்ற மாதிரி, இன்னொன்று வேண்டுமென்று இருந்தது. "சக்கரபாணி அவர்கள் இப்ப பேசுவாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அவர் எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார். ஒன்பது பெயரையும் சொன்னார். தப்பில்லாமல், தடுக்காமல், இனிஷியலோடு சொன்னார். ஒவ்வொருத்தியாக எழுந்து மேடைக்கு வந்தாள். பாக்கியசாமி பாதி எழுந்து, லூர்துமேரி பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாவது பெயர் வரவில்லை.

வேர்வையைத் துடைத்துக்கொண்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற லூர்துமேரி பக்கம் குனிந்தார். பொத்தினால் கேட்காது என்று நினைத்தார் பாவம்.

"ஏம்மா, எங்க வீட்ல பேரு கோவிந்தம்மாளா, கிருஷ்ணவேணியா? ரெண்டுல ஒண்ணு எங்க அண்ணி பேரு."

மைதானம் முழுக்கக் கேட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

லூர்துமேரி அலட்டிக்கொள்ளவில்லை. "எங்கள கேட்டா எப்படிங்க? எதிரதான நிக்கிறாங்க, கேட்டுக்குங்க" என்றாள். அதுவும் கேட்டது.

ஊர் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, அவர் என் பக்கம் திரும்பி, மேடையில் வைத்து என் பெயரைக் கேட்டார். நான் மைக்குக்கு வந்து சொன்னேன். அவர் ஒன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எனக்குப் பின்னால் சொன்னார். எனக்குப் பொன்னாடை போட்டது தலைவர் பாண்டுரங்கன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

அன்று சாயங்காலமே பத்துப் பேரும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டோம். பேச்சும் சிரிப்புமாக மூட்டைகள் காலியாயின. மார்கழி பிறக்கும் முன் பருப்பு மண்டிக்குப் போய்விட்டது. உற்சாகப்படுத்த யாரும் வராததால் படி சரியாக இருந்தது.

சின்னக்கண்ணுவை ரயிலேற்ற எங்கள் வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்கு வந்தார். அவள் ஜன்னல் வழியாகக் கையாட்டி அவரை அருகே கூப்பிட்டாள். அவர் காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"செகரெட்டரி ஐயா, அடுத்த வருசக் கூட்டத்துக்கு நான் வருவேன். பேர மறக்காம சொல்றீங்களான்னு மொத வரிசையில உக்காந்து கேப்பேன்."

மறு நாளிலிருந்து தினமும் கிணற்றடியில் ஒப்பிக்கிறார். ஒன்பது பெயர் சரளமாக வருகிறது. பத்தாவதைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று அடுப்படிப் பக்கம் எட்டி என் முகத்தைப் பார்க்கிறார்.

நான் இன்னும் தலையாட்டவில்லை.