செல்லம் செய்த சேதாரம்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சேதாரம் முடிவு கட்டினார். இந்த வீட்டில் இருந்தால் அவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பூனை இருக்க வேண்டும். மனைவியிடம் இதை உரக்கச் சொல்லியும் விட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் மனைவி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சேதாரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேத மதிப்பீட்டாளர் அவர். இடித்த கார், எரிந்த கடை, ஒழுகும் கூரை என்று எதைக் காட்டினாலும், ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தப்பு உங்க மேலதான்" என்று நிரூபித்து, வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில் மன்னர். ஆபீசில் ஒட்டிய பட்டப்பெயர் வீடு வரை வந்துவிட்டது. வீட்டில் வாக்குவாதம் முற்றும்போது அதையே இரண்டாக உடைத்து, "சே, தாரம்!" என்று தனக்குள் முனகிக்கொள்வார். சத்தமாகச் சொல்லும் தைரியம் இதுவரை வந்ததில்லை.

தாரம் அப்படிப்பட்டவள். டெலிபோன் கம்பெனியில் குறை தீர்க்கும் பிரிவில் வேலை. ஊரில் உள்ள கோபக்காரர்கள் எல்லாம் அவள் காதில்தான் கத்துவார்கள். கத்த வந்தவன் கடைசியில் நன்றி சொல்லிவிட்டு, தனக்கு வேண்டாத இன்னொரு திட்டத்துக்கும் தலையாட்டிவிட்டுத்தான் போனை வைப்பான்.

பூனையின் பெயர் செல்லம். வந்த புதிதில், "செல்லம், சாப்பிட வா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் சேதாரம் ஆசையாக எழுந்து போவார். சில முறை போய் அசடு வழிந்த பிறகு நிறுத்திக்கொண்டார்.

நடந்தது இதுதான். காலையில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, எரிந்துபோன ஒரு துணிக்கடையைப் பற்றி ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து பாத்ரூம் போனார். திரும்பி வந்து பார்த்தால் கீபோர்டு மேல் செல்லம் குந்தியிருக்கிறது. அவரைப் பார்த்தது. மெல்லக் கண்ணை மூடியது. முகத்தில் முற்றும் துறந்தவரின் அமைதி. அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

பாய்ந்து லேப்டாப்பைக் கவிழ்த்தார். எழுத்துக்கு எழுத்து சொட்டியது. திரை ஒருமுறை நீலமாகி, ஒருமுறை பச்சையாகி, போய் வருகிறேன் என்பதுபோல் ஒரு சிமிட்டுச் சிமிட்டி அணைந்தது.

"ஏங்க, திறந்து வெச்சுட்டு ஏன் போனீங்க?"

"பாத்ரூம் போனேன். அவசரம்!"

"அதுக்கும் அவசரம்தான்."

"அதுக்குத்தான் மணல் தட்டு வெச்சிருக்கோமே!"

"அந்தத் தட்டைச் சுத்தம் பண்றது இந்த வாரம் யாரு முறை?"

சேதாரம் மணல் தட்டுப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"பேச்சை மாத்தாதே. இது சதி!"

"ஆக்சிடென்ட்டுங்க."

"ஆக்சிடென்ட்டா? வேலைக்குச் சேர்ந்த நாளா ஆக்சிடென்ட்டாப் பார்க்கிறவன் நான். என் கண்ணைப் பார்த்துக்கிட்டே போச்சு!"

"உங்க வருத்தம் எனக்கு நல்லாப் புரியுதுங்க," என்றாள் அவள், ஆபீஸ் குரலில். அந்தக் குரல் வந்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம்.

ரிப்பேர் கடைக்காரர் அடிப்பலகையைக் கழற்றினார். முகர்ந்தார். ஸ்டூலோடு பின்னால் நகர்ந்துகொண்டார்.

"குழந்தையா, பூனையா?"

"பூனை."

"குழந்தைன்னா ஏதாவது பார்க்கலாம் சார். பூனைன்னா போர்டையே அரிச்சுடும். உள்ள இருக்கிற ஃபைலை எல்லாம் எடுத்துத் தரேன். மத்தபடி மனசைத் தேத்திக்கோங்க."

கடையில் நின்ற மற்றவர்கள் அவரைத் துக்க வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது. வளர்ப்புப் பிராணி செய்யும் சேதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. எத்தனையோ பேர் அழ அழ அவரே வாசித்துக் காட்டிய விதி அது. அதை மனதுக்குள் மறுபடி வாசித்துப் பார்த்தார். எழுதியவன் ஈவிரக்கமில்லாத படுபாவி என்று முதல் தடவையாகத் தோன்றியது.

சரி, பூனையை நேர்வழியில் வெளியேற்ற முடியாது. குறுக்கு வழி யோசித்தார். ஆபீஸ் ரிசப்ஷனிஸ்ட் ஒரு பூனைப் பைத்தியம். மேஜை முழுக்கப் பூனைப் படம்.

"உனக்கு ஒரு தங்கமான பூனை தரேன், எடுத்துக்கிறியாம்மா? எனக்கு அலர்ஜி, வெச்சுக்க முடியல."

"ஐயோ சார், குடுங்க சார்!"

அலர்ஜி என்று சொன்ன பிறகு அலர்ஜி வர வேண்டுமே. அன்று மாலையே தும்ம ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"பூனை முடி. ஒத்துக்கல. ஹச்சு!"

"அது மொட்டை மாடியில தூங்குது. நீங்க ஏன் இங்க தும்மறீங்க?"

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது."

"ஜன்னல் சாத்தியிருக்கே?"

"ஹச்சு! ஹச்சு! ரிசப்ஷனிஸ்ட் பொண்ணு எடுத்துக்கிறேன்னு சொல்லுது. ஹச்சு!"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், உடம்புதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கச் சொல்லுங்க."

இவ்வளவு சுலபமாகவா? சேதாரத்தால் நம்பவே முடியவில்லை. மறுநாள் செல்லம் வந்து அவர் காலில் உரசியது. "போற இடத்துலயாவது ஒழுங்கா இரு," என்றார். குரல் லேசாகக் கம்மியது. அதை ஒரு தும்மல் போட்டு மறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது லேப்டாப்பே வாங்கி வந்துவிட்டார். சொன்னபடி ரிசப்ஷனிஸ்ட் வந்தாள். கையில் துணி போட்டு மூடிய கூடை. பொறுப்பான பெண் என்று சேதாரம் மெச்சிக்கொண்டார். பூனையைப் பிரியும் காட்சியில் மனைவி அழுதால் தேற்ற வேண்டி வருமே என்று புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் நழுவினார்.

அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. வெளியே வந்து பார்த்தார். கூடை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. சோபாவில் செல்லம். செல்லத்தின் வாலைக் கடித்துக்கொண்டு ஒரு கறுப்புக் குட்டி.

"இது எது?"

"தப்பு செல்லத்து மேல இல்ல சார்," என்றாள் ரிசப்ஷனிஸ்ட். "பகல் பூரா நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறீங்க. தனியாக் கிடந்து ஏங்கிப் போயிருக்கு. வீட்ல யார் மேல பாசம் அதிகமோ அவங்க பொருள்லதான் போகும் சார்."

"என் மேலயா? பாசமா?"

அந்த ஒரு கணம் குளிர்ந்தார் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டார்.

"ஆமா சார். அதான் துணைக்கு ஒண்ணு கொண்டு வந்தேன். அக்கா நேத்தே போன்ல விவரமா எல்லாம் சொல்லிட்டாங்க."

"அலர்ஜி! எனக்கு அலர்ஜி!" என்று அலறினார் சேதாரம்.

"மாடியில ஒரு பூனை இருந்ததுக்கே அந்தத் தும்மு தும்மினீங்க," என்றாள் மனைவி. "இப்ப கண்ணெதிர்ல ரெண்டு இருக்கு. எங்க, ஒண்ணு போடுங்க பார்ப்போம்."

சேதாரம் மூக்கைச் சுருக்கினார். விளக்கை அண்ணாந்து பார்த்தார். வாயைப் பிளந்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, தும்மல் வரவில்லை.

"குணமாயிடுச்சு சார்!" என்று ரிசப்ஷனிஸ்ட் கை தட்டினாள்.

"அப்ப என் புது லேப்டாப்? அதுக்கு யாரு காவல்?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேங்க," என்றாள் மனைவி, அதே ஆபீஸ் குரலில். "ஸ்டோர் ரூமை ஒழிச்சு மேஜை போட்டிருக்கேன். உள்ள உக்காந்து நிம்மதியா வேலை பாருங்க. ஒரு பூனை எட்டிப் பார்க்காது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கு, அதை நான் போட்டுக்கறேன்."

என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் நன்றி சொல்லிவிட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் உட்கார்ந்து துணிக்கடை ரிப்போர்ட்டை அடித்து முடித்தார். வயிறு கூப்பாடு போட்டது. எழுந்து கதவைத் தட்டினார்.

"யாரு?"

"யாரா? நான்தான்! கதவைத் திற, பசிக்குது."

"கொஞ்சம் பொறுங்க," என்றது குரல். "அதுங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."