மாமனார் மெச்சிய பிரிஸ்கெட்

வெண்டெல் காலையில் எழுந்ததும் கொல்லைப்புறம் போய், கறி சுடும் கிரில்லின் மூடியில் கை வைத்தான். சுட வேண்டிய மூடி ஜில்லென்று இருந்தது.

உள்ளே, முந்தின நாள் உப்பும் மிளகும் தடவி வைத்த பிரிஸ்கெட் கிடந்தது. கைக்குழந்தை கனத்துக்கு ஒரு மாட்டு மார்புக்கறி, பாதி வெந்தும் பாதி வேகாமலும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் மாமனார் சாப்பிட வருகிறார்.

செல்போனை எடுத்துப் பார்த்தான். கிரில்லின் செயலி ராத்திரி முழுக்கக் கதறியிருக்கிறது. தீ அணைந்துவிட்டது, தீ அணைந்துவிட்டது என்று அது அடித்துக்கொண்டபோது இவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஒரு டிகிரி ஏறினாலும் கூவுகிறதே என்று அதன் வாயை அடைத்தவனும் இவன்தான்.

பெல்லட் கிரில் என்றால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டிவிட்டால் போதும். உள்ளே ஒரு திருகு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாய்த் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், மின்விசிறி ஊதும், போன் சூட்டைச் சொல்லும். நமக்கு மிஞ்சுகிற வேலை தூங்குவதுதான். வெண்டெல் மெத்தைக்கடை மேனேஜர். இந்த ஏற்பாடு தனக்காகவே செய்யப்பட்டதாக அவன் நம்பினான்.

மாமனார் ஆர்வில் அப்படி நம்பவில்லை. "விறகு இல்லாத தீ ஒரு தீயா? மெத்தை விக்கிறவன் தூங்கிக்கிட்டே சமைக்க ஒரு மிஷினு. அதுக்கு ப்ளக்கு வேற" என்பார். நவம்பர் நன்றி நாள் விருந்தில் சொன்னார், கிறிஸ்துமஸில் சொன்னார், ஒரு முறை உறவுக்காரர் இழவு வீட்டிலும் சொன்னார்.

அவருக்குப் பேச உரிமை இருந்தது. செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விருந்து என்றால் பிக்கெட் க்ரீக் ஊரில் ஆர்வில் வீட்டு பிரிஸ்கெட்தான் பேச்சு. முதல் நாளே தம் இரும்புப் பீப்பாய் அடுப்பில் ஓக் விறகை அடுக்கித் தீ மூட்டுவார். நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். வேலிக்கு உள்ளே ஒரு ஈ காக்கை வரக் கூடாது. ஆள் நடமாட்டம் இருந்தால் தீ கூச்சப்படும் என்பது அவர் கட்சி. மறுநாள் துண்டு போர்த்திய தட்டோடு அவர் வெளியே வரும்போது குடும்பமே எழுந்து நிற்கும். தின்று முடிக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள்.

இந்த வருஷம் முழங்கால் வலி வந்துவிட்டது. இனிமேல் விருந்துப் பொறுப்பை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். முதல் வாய்ப்பு மருமகனுக்கு. தேறவில்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து மகன் கர்ட்டிஸ். கர்ட்டிஸ் கோடாலியும் கையுமாகப் பிறந்தவன் மாதிரி விறகு பிளப்பான்.

விருந்து யார் வீட்டில் நடந்தால் என்ன என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். வெண்டெலுக்கு அப்படியில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வந்ததில்லை. குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம் கேமராவை இவன் கையில்தான் கொடுப்பார்கள்; அதனால் எந்தப் படத்திலும் இவன் கிடையாது. ஒரே ஒரு தடவை அந்த மனுஷர் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கிப்போயிருந்தான்.

தொட்டியைத் திறந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. பெல்லட் மூட்டையைத் தாழ்வாரத்து மழைநீர்க் குழாய்க்குக் கீழே சாய்த்து வைத்திருந்தான். போன வாரம் பெய்த மழையெல்லாம் அதற்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் குச்சிகள் ஊறி, உப்பி, களியாகித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தன.

மனைவி ஜோலீன் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓவன்ல வெச்சுடு வெண்டெல். சும்மாதான கிடக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவள் உள்ளே போய்விட்டாள். இவன் கறியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டிக்குள் துண்டு போர்த்திப் படுக்க வைத்தான். மிச்சச் சூடு போகாமல் இருக்கட்டும் என்று பெட்டிமேல் ஒரு தலையணையும் வைத்தான். கடையில் கிடைக்கிற சாமான் அதுதான்.

பிறகு நீளத் திருப்புளியால் களியைக் குடைந்து எடுத்தான். குடையக் குடைய வந்துகொண்டே இருந்தது. தீக்கிண்ணத்தில் வேறு சாம்பல் கழுத்துவரை நின்றது. வாராவாரம் அள்ள வேண்டிய சாம்பலை அவன் வசந்தகாலத்திலிருந்து அள்ளவில்லை. கையால் அள்ளினால் நேரமாகும் என்று ஜோலீனின் வாக்வம் க்ளீனரைத் தூக்கிவந்து ஒரே உறிஞ்சாய் உறிஞ்சினான். கிண்ணம் பளபளத்தது. க்ளீனரைக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் அறையில் வைத்துவிட்டு, இந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால் என்ன என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

மேலே குளிர்ந்த சாம்பல், அடியில் தணல் இருக்கும் என்பது கிரில் வைத்திருக்கிற எல்லாரும் அறிந்த சங்கதி. வெண்டெலும் அறிந்தவன்தான். வீட்டுக்குள்ளிருந்து ஜோலீன் குரல் வந்தபோது ஞாபகமும் வந்துவிட்டது.

"வெண்டெல், வாக்வம் க்ளீனர் மூச்சு விடுது."

ஓடிப்போய் அதை வாலைப் பிடித்து இழுத்துவந்து புல்தரையில் எறிந்தான். அது அங்கே கிடந்து நிதானமாகப் புகைந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஒழுங்காகப் புகை விட்டது அது ஒன்றுதான்.

கடைக்கு ஓடிக் காய்ந்த பெல்லட் மூட்டை வாங்கிவந்து கொட்டினான். பொத்தானை அழுத்தினான். திருகு சுழன்றது, குச்சிகள் விழுந்தன, தீ பற்றவில்லை. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். மறுபடி கொஞ்சம் குச்சி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைத் திறந்து காலி செய்துவிட்டுத்தான் மறு தடவை அழுத்த வேண்டும். அவசரத்தில் இருக்கிறவன் அதையெல்லாம் செய்வானா? அழுத்திக்கொண்டே இருந்தான். கிண்ணம் நிறைந்து வழிந்து குச்சிகள் மலையாய்க் குவிந்த பிறகு, ஒரு வழியாக எங்கோ அடியில் பொறி பிடித்தது.

முதலில் மஞ்சளாய்ப் புகை வந்தது. வெண்டெலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பாதி புகையால், பாதி சந்தோஷத்தால். அவசர அவசரமாகக் கறியை எடுத்துக் கம்பித்தட்டின்மேல் கிடத்தி மூடியைச் சாத்தினான். புகை தடித்தது. வேலி மறைந்தது, பக்கத்து வீடு மறைந்தது. பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம். மூடி தானாகத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை வணக்கம் வைத்துவிட்டு இறங்கியது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடித்தகட்டில் மாதக்கணக்காகத் தேங்கிய கொழுப்பை 'அது ருசி' என்று சுரண்டாமல் விட்டிருந்தான். ருசி பற்றிக்கொண்டது. என்ன ஆகிறது என்று பார்க்க மூடியைத் திறந்தான். காற்றுப் புகுந்ததும் ஜுவாலை ஆளுயரம் எழும்பியது. கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதும் அவன் அறிந்த சங்கதிதான். ஊற்றினான்.

நல்லவேளை, ஜோலீன் அதற்கு முன்பே போன் பண்ணியிருந்தாள்.

பிக்கெட் க்ரீக் தீயணைப்புப் படையில் சம்பளத்துக்கு யாரும் கிடையாது, எல்லாம் ஊர்க்காரர்கள்தான். படைத் தலைவி நடீன் மற்ற நாளில் ஆணி, பெயிண்ட் கடை வைத்திருப்பவள். வந்து இறங்கியவர்கள் தீயணைப்புக் கோட்டுக்கு அடியில் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார்கள். ஒருவன் கையில் கரண்டி இருந்தது. வருஷா வருஷம் இந்த நாளில் நிலையத்து வாசலில் கறி சுட்டு விற்றுத்தான் அவர்கள் குழாய், தொப்பி எல்லாம் வாங்குவது. பாதி வியாபாரத்தில் கிளம்பி வந்திருந்தார்கள்.

நடீன் ஒரு உருளையைத் தூக்கி வெள்ளைப் பொடியைப் பீச்சினாள். தீ அடங்கியது. பொடி தணிந்ததும் எல்லாரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். பிரிஸ்கெட் மாவில் புரட்டிய கரித்துண்டு மாதிரி கிடந்தது. கரண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எத்தனை பேருக்கு வெச்சது?" என்று நடீன் கேட்டாள்.

"மாமனாருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புல்தரையில் கிடந்த வாக்வம் க்ளீனருக்கும் கொஞ்சம் பொடி போட்டுவிட்டு, தணல் மறுபடி கிளம்புமாதலால் சாயங்காலம் ஒரு நடை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வண்டியில் ஏறினாள்.

வண்டி போன பிறகும் அந்த வாசனை போகவில்லை. தீய்ந்த வாசனை இல்லை. தீயணைக்க வந்தவர்கள் மேலிருந்து வந்த அருமையான கறிப்புகை வாசனை. வெண்டெல் கார்ச் சாவியை எடுத்தான்.

திரும்பி வந்தபோது அவன் கக்கத்தில் காகிதம் சுற்றிய ஒரு முழு பிரிஸ்கெட் இருந்தது. எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றுதான் தீயணைப்பு நிலையத்து வாசலில் சொன்னார்கள். நடீன் அவன் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், இதைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

ஜோலீன் கதவருகே நின்றாள். "யாருக்குத் தெரியப் போகுதுன்னு நான் சொன்னப்ப, எனக்குத் தெரியும்லன்னியே?"

"அப்ப எங்கிட்ட கிரில் இருந்துச்சு."

"வெக்கமா இல்ல?"

"வெக்கமெல்லாம் நிறைய இருக்கு. பிரிஸ்கெட்தான் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளால் கோபப்பட முடியவில்லை. இருவருமாகக் கிரில்லைத் துடைத்து, கருகின பக்கத்தைச் சுவரோரம் திருப்பி, புதுக் கறியை அதற்குள் வைத்து மூடினார்கள்.

சாயங்காலம் உறவு ஜனமெல்லாம் வந்து சேர்ந்தது. ஆர்வில் கைத்தடியோடு, இடுப்பில் தோலுறை போட்ட தம் நீளக் கத்தியோடு வந்தார். முதல் வேலையாகக் கொல்லைப்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கருகிய வாக்வம் க்ளீனர் அருகே நின்றார்.

"இதையும் புகை போட்டியா மாப்ளே?"

கர்ட்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். வெண்டெல் மூடியைத் திறந்தான். பிரிஸ்கெட் கன்னங்கரேலென்று, பளபளவென்று, தொட்டால் ஆடுகிற பதத்தில் இருந்தது. சிரிப்பு நின்றது.

கர்ட்டிஸ்தான் முதல் துண்டைத் தின்றான். மென்றான். விறகும் கோடாலியும் மறந்துபோய் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினான். மற்றவர்கள் தட்டோடு வரிசைக்கு வந்தார்கள். எல்லாரும் ஆர்வில் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். சட்டென்று கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்தார், கிரில்லைப் பார்த்தார், மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"இதை நீதான் சமைச்சியா?"

"ஆமா மாமா."

"இந்த மிஷின்ல?"

"ஆமா."

"என்ன மரம்?"

வெண்டெல் மூட்டையில் எழுதியிருந்ததைச் சொன்னான். "ஹிக்கரி."

"ஹிக்கரியா?" என்றார் ஆர்வில். இன்னொரு துண்டை எடுத்து முகர்ந்தார். மருமகனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, ஹிக்கரின்னே இருக்கட்டும்" என்றார்.

திட்டு விழும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். விழவில்லை. அவர் தோலுறையோடு கத்தியைக் கழற்றி வெண்டெல் கையில் வைத்தார்.

"நல்லா இருக்கு மாப்ளே. இதுல ஒரு குத்தமும் சொல்றதுக்கு இல்ல. என்னால சொல்ல முடியாது. அடுத்த வருஷத்துலேர்ந்து நீதான்."

ஜோலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ கேமராவை எடுத்தார்கள். முதல் தடவையாக அதை வெண்டெல் கையில் கொடுக்காமல் அவனை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். மாமனார் தோளில் கை போட்டார். இத்தனை நல்ல மனுஷரை ஏமாற்றிவிட்டோமே என்று வெண்டெலுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றி, "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தான்.

"வேணாம்" என்றார் ஆர்வில் அவசரமாக. "எதையும் சொல்லாத. சாப்பிடு."

அப்போது பக்கவாசல் திறந்தது. சொன்னபடியே நடீன் வந்திருந்தாள், கையில் டார்ச்சோடு. வெண்டெல் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஆர்வில் முழங்கால் வலியையெல்லாம் மறந்து, கைத்தடியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் நழுவப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஆர்வில், வந்துட்டீங்களா? வருஷா வருஷம் போல விடியக்காலையில நிலையத்துப் பின் கேட்டுல உங்களுக்காகக் காத்துக்கிட்டே இருந்தேன், ஆளையே காணோம். சரி, வீணாப் போக வேணாமேன்னு உங்களுக்கு எடுத்து வெச்ச பிரிஸ்கெட்டைத் தூக்கி இவருக்குக் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் யார் பேருல எடுத்து வைக்கட்டும்? உங்க பேருலயா, மாப்பிள்ளை பேருலயா?"