மதகு அண்ணனின் சிப்செட் பாசனம்

மதர்போர்டு விற்கக் கடை திறந்து வைத்துக்கொண்டு, மதர்போர்டு வாங்க வந்தவர்களை விரட்டி அடித்த ஒரே மனிதர் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மதகு அண்ணன்தான். ஜில்லா என்ன, காவிரி ஓடுகிற தூரம் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தர் கிடைக்கமாட்டார்.

நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கடைமடை. அதாவது, ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்து, மிச்சம் மீதி இருந்தால் எட்டிப் பார்க்கிற இடம். அங்கே அவருக்கு இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூடத் தேறாது. அதனால் கம்ப்யூட்டரும் அவருக்கு ஒரு பாசன விவகாரம். பிராசஸர்தான் ஆறு. மதர்போர்டில் வழி பிரித்துவிடுகிற சிப்செட் மதகு. டிஸ்க், யுஎஸ்பி எல்லாம் அதிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள்.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். என் பழைய கம்ப்யூட்டர் பெட்டி மண்டையைப் போட்டதும் அவர் கடைக்குப் போய், "நல்லதா ஒரு போர்டு குடுங்கண்ணே" என்றேன். செய்யக்கூடாத தப்பு.

"என்ன சாகுபடி?" என்றார்.

"கல்யாண ஆல்பம்ணே."

"எச்சு, பி, இசட்டுன்னு மூணு மதகு இருக்கு. எச்சுல ராம் சொருக ரெண்டு இடம்தான். பி-யில நாலு. இசட்டுல பிராசஸரையே முடுக்கி விடலாம். நீங்க யாரை முடுக்கப் போறீங்க?"

"யாரையும் முடுக்கலண்ணே. ஏதோ ஒண்ணு குடுங்க."

ஏதோ ஒண்ணு! மனிதர் அன்றைக்கு எனக்குப் போர்டு தரவில்லை. ஒரு தாளில் ஆறு வரைந்து, மதகு வரைந்து, எந்த வாய்க்காலைத் திறந்தால் எந்த வாய்க்கால் அடைத்துக்கொள்ளும் என்று மூன்று நாள் பாடம் எடுத்தார். நான் மூன்று நாளும் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் நாள் மாலை, "புரிஞ்சுதா?" என்றார். "நல்லாப் புரிஞ்சுதுண்ணே" என்று கூசாமல் புளுகி, ஒரு பி போர்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

எனக்காவது கிடைத்தது. கல்லூரி வாத்தியார் ஒருவர் மார்க் ஷீட் அடிக்க இசட் போர்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். "ரெண்டு மா நெல்லறுக்க எட்டு மெஷின் கேப்பீங்களா? போய்ட்டு வாங்க சார்" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். வாத்தியார் குனிந்துதான் வெளியே போனார்.

ஒரு கல்யாணத்தில் நானும் மதகு அண்ணனும் அடுத்தடுத்த இலை. மூன்று வரிசைப் பந்திக்கு ஒரே ஒரு சாம்பார் வாளி. சாம்பார் வரும் என்று எல்லோரும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பரவசமாகிவிட்டார். "பாத்தீங்களா? போர்டுல எத்தனை ஓட்டை இருந்தா என்ன, ஆத்துலேர்ந்து மதகுக்கு வர்ற வழி ஒண்ணுதான்! வரிசை மூணு, வாளி ஒண்ணு!" கடைசியில் வாளி வந்தது. பேச்சு சுவாரசியத்தில் அவர் இலைக்கு மட்டும் சாம்பார் விழவில்லை.

இப்போது நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவரின் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாடு. பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலை சென்னையில் விசா இன்டர்வியூ. கல்யாணப் படங்களை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். படம் எல்லாம் என் பழைய டிஸ்க்கில். எதற்கும் ஒரு நகல் இருக்கட்டுமே என்று, ஞாயிறு காலை புதிதாக விரல் நீளத்தில் ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி, யூடியூபைப் பார்த்து நானே போர்டில் சொருகினேன். பெரிய இவள் மாதிரி.

பெட்டியைப் போட்டால் புதுசு தெரிகிறது, பழைய டிஸ்க்கைக் காணோம்! அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? சாயங்காலம் ரயிலும்மா. எங்க செல்போன்ல எடுத்ததெல்லாம் வெறும் பந்திதான். கல்யாணம் நடந்துச்சுன்னு சொல்ல உங்க பெட்டி ஒண்ணுதாம்மா சாட்சி!"

மதகு அண்ணனுக்குப் போன் போட்டேன். "வயல்ல நிக்கிறேன், சொல்லுங்க" என்றார். அழாத குறையாகச் சொன்னேன்.

"புதுசை எங்க சொருகினீங்க?"

"கீழே ரெண்டாவது இடத்துலண்ணே."

"பழைய டிஸ்க் வயரு?"

"ரெண்டாம் நம்பர் ஓட்டையில."

"அடிப்பாவி! மூணு நாள் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேனே! அந்த ரெண்டுக்கும் வாய்க்கால் ஒண்ணும்மா. அங்க தெறந்தா இங்க அடைச்சுக்கும்!"

"படமெல்லாம் போச்சாண்ணே?"

"தண்ணிதான் நின்னிருக்கு, பயிரு காயல. கரண்டை நிறுத்திட்டு வயரை நாலாம் நம்பர்ல மாத்துங்க."

மாற்றினேன். டிஸ்க் வந்தது. திரையில் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ட அப்பா, எழுந்து மானிட்டரைக் கும்பிட்டார்.

நான் போனை வைக்கப் பார்த்தேன். விடுவாரா? ஏன் நாலாம் நம்பர், ஏன் ரெண்டு கூடாது என்று பரீட்சை வைத்தார். பின்னால் யாரோ, "யோவ், நேரம் ஆவுதுய்யா!" என்று கத்துவது கேட்டது. அவர் காதில் விழவில்லை. நான் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் விட்டார். நாற்பது நிமிஷம்.

விசா கிடைத்தது. சுவீட் பெட்டியோடு அவர் கடைக்குப் போனால், அவர் இல்லை. அவர் மனைவி ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தார்.

"கடைமடையில முறை வச்சுத்தாங்க தண்ணி. ஆளுக்கு ஒரு மணி நேரம். நம்ம முறை வந்து மடையைத் தெறக்கணும், மனுசன் போனைப் புடிச்சுக்கிட்டு யாருக்கோ சிப்செட் சொல்லிக்கிட்டு வரப்புலயே நிக்குறாரு! முக்கால் வயலுக்குத் தண்ணி ஏறல. எவ அதுன்னு தெரியல, கையில கெடைக்கட்டும்!"

சுவீட் பெட்டியை நீட்டினேன். "நான்தாங்கக்கா அது" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சுவீட் பெட்டியைப் பார்த்தார். "உனக்குப் படம் கெடைச்சுதா?" என்றார். தலையை ஆட்டினேன். "அதுக்குத்தான் இங்க திரும்பி வர்ற வரைக்கும் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வந்துச்சா அந்த மனுசன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அவர்களுடைய அடுத்த தண்ணீர் முறை வந்த நாளன்று என் கடையைப் பூட்டிவிட்டு நானும் பஸ் ஏறினேன். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. அதனால் அவர் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் நானே எச்சு, பி, இசட்டு சொன்னேன். அண்ணன் மடையைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில்கூட நான் தப்பாகச் சொல்லவில்லை.