நாஸுனாவின் தொண்டைப் படம்

அன்புள்ள சுமியே அக்காவுக்கு,

தம்பி தொகுஜி பணிவுடன் எழுதுவது. மழைக்காலம் பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை என்பதைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். மாமாவின் மூட்டுவலி தேவலையா? நீங்கள் அனுப்பிய ஊறுகாய் போன வாரமே காலி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நாஸுனாவின் குரல் இரண்டு மாதமாகவே கரகரவென்று இருந்தது. ஏழு வயதுப் பெண் பேசினால் மீன் லாரி கிளம்புவது போல் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரி கயோவுக்குத் தூக்கமில்லை. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் ஒரு டாக்டர். வேண்டவே வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதுதான், குழந்தைகளின் குரல்நாண் எப்படி வளர்கிறது என்று வெறும் ஒளியாலேயே படம்பிடித்து ஆராயும் டாக்டர் இவாகி அம்மையாரைப் பற்றித் தெரிந்து அவரிடம் ஓடினோம். பேனா மாதிரி ஒரு குழல். அது வாயோடு நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். குழந்தை ஏழு வினாடி உரக்க 'ஆ' சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படம் விழாவிட்டால் பழையபடி மயக்கமும் குழாயும்.

இவள் வாயைத் திறந்தாள், சத்தம்தான் வரவில்லை. "கொஞ்சம் சத்தமா, கண்ணு" என்றார் டாக்டர். நாஸுனா குழலை மரியாதையாக ஒதுக்கி, "ஆஸ்பத்திரியில பூஜ்யம்தான் டாக்டர். வெளிய ஒருத்தர் தூங்கறாரு" என்றாள். எந்த இடத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் குரல் அளவுகோல், அக்கா! பூஜ்யம் வாய்மூடல், ஒன்று எறும்பு, நான்கு யானை. "டாக்டர் சொன்னா கேக்கணும்டி" என்றாள் கயோ. "அவங்க எங்க டீச்சர் இல்லியே!" டாக்டர் கெஞ்சி ஒன்றாம் நம்பர் வாங்கினார், அதில் படம் விழவில்லை. "அப்பா, நீங்க செஞ்சு காட்டுங்க" என்று குழலை என் பக்கம் நீட்டினார். இருபது வருஷம் மீன் ஏலம் போட்ட தொண்டை. குழலை வாயில் வைத்து விட்டேன் ஒரு 'ஆ'! நர்ஸ் ஓடிவந்தார். வெளியே தூங்கியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்பா! அது நாலு! மைதானத்துல மட்டும்தான்!" என்று சீறிய நாஸுனா வெளியே போய் எல்லோரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வந்து, "அவர்தான் முழிச்சுட்டாரே" என்று அழகாக ஒரு மூன்றாம் நம்பர் கொடுத்தாள்.

திரையைப் பார்த்த டாக்டர் அசந்துபோனார். சின்னக் குழந்தைகளுக்குக் குரல்நாண் ஒரே மெத்தையாக இருக்குமாம். அடுக்கடுக்காகப் பிரிய வயதாக வேண்டுமாம். நம் பெண்ணுக்கோ பெரியவர்களைப் போல் முற்றாகப் பிரிந்திருக்கிறதாம். "இப்படி நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்குப் பெருமை தலைக்கேறி, மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் கத்திக் கத்தி விழுந்த ஒரு காய்ப்பும் இருக்கிறதாம். இரண்டு வாரம் பேசக் கூடாது. குழந்தை பாவம், எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டுகிறாள். வாயடக்கம் நல்ல பழக்கம்தானே என்று தினமும் மணிக்கணக்கில் அவளுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

மாமாவுக்கு வணக்கம். ஈரத்தில் நடமாடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
தொகுஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டரிடமிருந்து போன். நான் 'ஆ' சொன்னதும் அவள் சொன்னதுமாக இரண்டு படங்களும் நாஸுனா பெயரிலேயே பதிவாகிவிட்டனவாம். அந்த முற்றிய அடுக்கும் காய்ப்பும் என்னுடையவை. அவளுடையது ஒரே மெத்தை, ஒரு குறையுமில்லை. "அப்ப ஏன்டி கரகரன்னு பேசின?" என்றேன். வாய் திறந்தாள், மணி மாதிரி குரல். "அப்பா பேசினா மார்க்கெட்டே கேக்குது. அதான் அப்பா மாதிரியே பேசிப் பழகினேன்." இரண்டு வாரம் பேசக் கூடாதவன் நான்தானாம். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன் அக்கா, டாக்டர் உத்தரவுப்படி சத்தமில்லாமல்.